தட்டில் ஏறாத சிவப்பு

பிளாஸ்டிக்கில் சாயம் ஏறாது என்பது சின்னாளப்பட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாயம் அள்ளப் பிளாஸ்டிக் மக்கு வைத்திருப்பதே அதற்காகத்தான். வருஷக்கணக்கில் அள்ளினாலும் ஒரு கழுவலில் மக்கு மறுபடி பழைய நிறத்துக்கு வந்துவிடும். பதினொரு வருஷம் அந்த ஊர்ச் சாயத் தொட்டிகளில் கையை ஊறவைத்த டோனிக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் இறங்கினான்.

இறக்கிவிட்டவர் ராயப்பராஜ். டோனியின் மனைவி ஏஞ்சலினுக்குப் பெரியம்மா மகன். மலைமேல் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். 2007 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேட்டுப்பட்டியிலிருந்த டோனியின் வீட்டுக்கு வந்தவர், பையிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டை எடுத்துப் பாயில் வைத்தார். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. விளிம்பு உள்ளே மடிந்திருந்தது.

"இதுலயா மச்சான் சோறு போடச் சொல்றீக?"

"விளையாடுற தட்டு மாப்ள. கோல்ஃப் இருக்குல்ல, அதுல பந்துக்குப் பதிலாத் தட்டு. குழிக்குப் பதிலாச் சங்கிலி தொங்குற கூடை. எங்க அமெரிக்கா வாத்தியாரு மலை முழுக்கக் கூடையா நட்டு வச்சிருக்காரு. வீசிக்கிட்டே நடக்கணும்."

"நடந்து?"

"நடந்து கூடையில போடணும். அம்புட்டுதான்."

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாக."

ராயப்பராஜ் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். மலையில் மேகம் இறங்கினால் வெள்ளைத் தட்டு எங்கே விழுந்தது என்றே தெரிவதில்லை. பிள்ளைகள் விளையாடும் நேரத்தைவிடத் தேடும் நேரம் அதிகம். அமெரிக்காவில் ஆட்கள் வீட்டிலேயே தட்டுக்குச் சாயம் போட்டுக்கொள்வார்களாம். நல்ல பளிச்சென்று, புல்லில் கிடந்தாலும் கூப்பிடுகிற மாதிரி நிறம். "எந் தங்கச்சி புருஷன் சாயக்காரன்னு அமெரிக்கா வாத்தியாருகிட்டச் சொல்லிட்டேன். இது ஒண்ணு அவரோட சொந்தத் தட்டு, அமெரிக்காவுல இருந்து வந்தது. போட்டுக் காட்டு. பிடிச்சிருந்தா மே மாசப் போட்டிக்கு அறுபது வேணும். அப்புறம் ஒவ்வொரு பருவத்துக்கும் இருக்கும். மத்தப் பள்ளிக்கூடமும் கேக்கும்."

"பிளாஸ்டிக்ல ஏறாது மச்சான்."

"ஏறுதாம்ல அங்க."

டோனி தட்டை எடுத்து வளைத்துப் பார்த்தான். செருப்புத் தோல்போல வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. அடுப்படியில் ஏஞ்சலின் இருமினாள். இருமல் நிற்க நேரமாயிற்று. பிறகு டோனி, "வச்சுட்டுப் போங்க" என்றான்.

அந்த இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயத்தொட்டி முதலாளியோடு ஒத்துவராமல் டோனி நூல் மில்லுக்குப் போனான். மூன்று வருஷம் இராத்திரி ஷிப்ட். ஒருநாள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடந்து வெளியே வந்துவிட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு அவனிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் திமிர் பிடித்தவன் என்று பேர் வந்தது. அவன் வெளியே வந்த மில்லுக்கு ஒரு மாதம் கழித்து ஏஞ்சலின் உள்ளே போனாள். பகல் ஷிப்ட். பஞ்சைச் சிக்கெடுக்கும் பிரிவு.

இரண்டு வருஷம் ஆயிற்று. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருக்கும். செவ்வாய் கொஞ்சம் தளரும். வெள்ளிக்குள் பழகிவிடும். மறுபடி திங்கள். மில்லில் எல்லோருக்கும் இது உண்டு. திங்கட்கிழமை நோவு என்றே பேர். ஏஞ்சலினுக்குக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு செவ்வாயும் தளரவில்லை, வெள்ளியும் தளரவில்லை. டவுன் டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பஞ்சுல இருந்து வெளிய வந்தா இத்தோட நிக்கும். வராட்டி நான் மாத்திரை எழுதிக்கிட்டே இருப்பேன், நீ முழுங்கிக்கிட்டே இருப்ப. ஒருநாள் ரெண்டும் நின்னுரும்."

வெளியே வரலாம். வந்து என்ன செய்வது என்பதுதான் இருவருக்கும் தெரியவில்லை. தட்டு பாயில் கிடந்தது.

டோனி முதலில் தனக்குத் தெரிந்த மாதிரியே செய்தான். துணிச் சாயம், உப்பு, சோடா. தட்டைக் குழாயடியில் காட்டினான். சாயம் மொத்தமும் சாக்கடைக்குப் போய்விட்டது. தட்டு பால்போல இருந்தது.

மறுநாள் பேகம்பூரில் சாயப்பொடிக் கடை வைத்திருக்கும் முகமது பாரூக்கிடம் போனான். பாரூக் தட்டை விரலில் வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"உன் சட்டை என்ன துணி அப்பு?"

"பாலியஸ்டர்."

"பாலியஸ்டர்னா என்ன?"

"துணி."

"பிளாஸ்டிக்குய்யா! பிளாஸ்டிக்கை மாட்டிக்கிட்டு வந்து, பிளாஸ்டிக்ல சாயம் ஏறுமான்னு எங்கிட்டயே கேக்குற." கடையிலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பாரூக் ஒரு டப்பாவைத் திறந்து சிவப்புப் பொடியைக் காகிதத்தில் கொட்டினார். "இது பாலியஸ்டர் சாயம். உப்பு வேணாம், சோடா வேணாம். தட்டுல எண்ணெய்ப் பசை இருக்கும், சோப்புப் போட்டு விளக்கிரு. தண்ணி நல்லாச் சுடணும். கொதிக்கக்கூடாது. ஓரத்துல முட்டை முட்டையாக் கிளம்புறப்பவே தீயை இழுத்துரு."

"எல்லாத் தட்டுலயும் ஏறும்ல பாய்?"

"மொதல்ல இதுல ஏறுதான்னு பாரு. நான் பொடி விக்கிறவன், ஜோசியக்காரன் இல்ல."

ஆழ்துளைப் போர் தண்ணீரில் கரைத்துத் தட்டின் விளிம்பை மட்டும் முக்கிப் பார்த்தான். ஏறியது. ஆனால் செங்கல் நிறம், செத்த நிறம். அந்தத் தெருவில் போரில் வருவது வாயில் வைக்க முடியாத உப்பு, சோப்புகூட நுரைக்காது. இதுவாவது டோனிக்குத் தெரிந்த கணக்கு. பருப்பு வேகாத தண்ணீரில் சாயம் விளங்காது. குடிப்பதற்கென்று மூடி வைத்திருந்த ஆத்தூர் அணைத் தண்ணீரில் ஒரு குடத்தை எடுத்தான். குழாயில் அது ஒன்பது நாளுக்கு ஒரு தடவைதான் வரும்.

முழுத் தட்டையும் முக்கப் போகும்போது ஏஞ்சலின், "செத்த இருங்க" என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். தட்டின் மேல் வட்டம் வட்டமாகப் பொட்டுகளை ஒட்டினாள். நகத்தால் ஒவ்வொன்றின் ஓரத்தையும் அழுத்தினாள்.

"என்ன, தட்டுக்குச் சடங்கு சுத்துறியா?"

"சும்மா பாருங்க."

கால்மணி நேரம் கழித்து எடுத்துக் கழுவி, பொட்டுகளைப் பிய்த்தார்கள். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. அறுத்த கோழியின் கொண்டைபோல. அதில் ஒவ்வொரு பொட்டும் வெள்ளை வெள்ளையாக, முடிச்சு அவிழ்த்த சுங்குடிச் சேலை மாதிரி. விளிம்பில் ஒரு விரற்கடை மட்டும் முதலில் முக்கிய செங்கல் நிறம் நின்றது. தட்டை வெயிலில் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். தெருமுனையிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது.

ஒரு வாரத்தில் ராயப்பராஜ் போன் போட்டார். "மாப்ள, அமெரிக்காக்காரர் அதைத் தூக்கிக்கிட்டு ஸ்டாஃப் ரூம் ரூமா அலையுறாரு. சுங்குடி சுங்குடின்னு அவரு வாயில வராமத் தவிக்கிறாரு. அறுபதும் உனக்குத்தான்."

பெரிய வியாழன் வரும் வாரத்தில் ஏஞ்சலின் மில்லில் பதினைந்து நாள் லீவு கேட்டாள். சூப்பர்வைசர் முனியப்பன் கொடுத்தார். ஒன்று மட்டும் சொன்னார்: "பதினாறாம் நாள் திங்கக்கிழமை. காலையில வேன்ல நீ இல்லைன்னா பேரை எடுத்துருவேன். அப்புறம் உம் புருஷனை மாதிரி வெளிய நின்னு மில்லைப் பாக்கலாம்."

டோனி அவளிடம் சொன்னான்: "அந்த வேன்ல நீ ஏற மாட்ட. எழுதி வச்சுக்க." இதற்கு முன் அவன் அவளுக்கு எதையும் சத்தியம் செய்து தந்ததில்லை. அவள் "சரிங்க" என்றாள். அந்தப் பதினைந்து நாளில் முதல் வாரம் முடிவதற்குள் அவள் படியேறும்போது நிற்காமல் ஏறினாள். ஈஸ்டர் பூசையில் பாடினாள். டோனி பின்வரிசையில் நின்று அவள் குரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டான்.

ஈஸ்டர் கழிந்த வியாழக்கிழமை, இரண்டு சாக்கில் அறுபது தட்டும் வந்து இறங்கின. பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார் ராயப்பராஜ். அமெரிக்காவிலிருந்து அத்தனையையும் வரவழைக்க முடியாது என்று, அதே அளவுக்குக் கோயமுத்தூரில் ஓர் இடத்தில் அச்சு போட்டு ஊற்றி வாங்கியிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தன. டோனிக்கு வெள்ளை என்றால் வெள்ளை. பதினொரு வருஷமும் வெள்ளைத் துணி வந்தது, சாயமேற்றி அனுப்பினான்.

ஏஞ்சலின் ஒன்றை எடுத்து விரலால் தட்டினாள். "டங்குனு கேக்குதுங்க. பழசு இப்படிக் கேக்கல. வளைச்சாலும் வளையல."

"புதுசுல்ல. அப்படித்தான் இருக்கும்."

"ஒண்ணே ஒண்ணை மட்டும் போட்டுப் பாப்பமா?"

சாயத் தொட்டியில் ஒரு சட்டம் உண்டு. ஒரு லாட் என்றால் ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில் முக்கி எடுக்க வேண்டும். தனியாக ஒன்றை முக்கினால் அது தன் பங்குச் சாயத்தைக் குடித்துவிடும். மிச்சத்துக்கு அதே நிறம் வராது. ஒரு சேலை ஒரு சாயல் மாறினாலும் முதலாளி மொத்தக் கட்டையும் முகத்தில் எறிவான். டோனியின் முகத்தில் இரண்டு தடவை எறிந்திருக்கிறான். அதனால் அவன் சொன்னான்: "ஒத்தையாப் போட்டா லாட் கெட்டுப்போகும். உனக்குச் சாயத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"பொட்டு வைக்கத் தெரியும்" என்றாள் அவள். அதோடு விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பொட்டு ஒட்டினாள். தட்டுக்கு நாற்பது, அறுபது தட்டு. பாயில் உட்கார்ந்து, குனிந்து, நகத்தால் அழுத்தி அழுத்தி. அட்டை தீரத் தீர டோனி கடைக்குப் போய் வாங்கி வந்தான். மூன்றாவது தடவை கடைக்காரன், "வீட்டுல எத்தனை பொண்டாட்டிண்ணே?" என்று கேட்டான். டோனி அதை வீட்டில் வந்து சொன்னபோது ஏஞ்சலின் நன்றாகச் சிரித்தாள். சிரித்து முடித்தும் இருமல் வரவில்லை. அதை இருவருமே கவனித்தார்கள்.

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் பின்னால் நீளவாக்கில் அறுத்த பாதி டிரம்மைக் கல் அடுப்பில் ஏற்றினான். இரண்டு நாளைக்கு முன்னால்தான் குழாய் வந்திருந்தது. பிடித்து வைத்த ஆத்தூர்த் தண்ணீர் முழுவதும் டிரம்முக்குள் போனது. ஏஞ்சலின் ஒரு குடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "இது குடிக்க" என்றாள். "நாளைக்கு மச்சான் வரும்போது கேன் தண்ணி வாங்கிக்கலாம், ஊத்து" என்றான். குடத்தின் அடியில் இரண்டு நாள் குடிக்கக் கொஞ்சம் மட்டும் விட்டு ஊற்றினாள்.

சாயத்தைக் கரைத்தான். தண்ணீர் சுட்டது. ஓரத்தில் முட்டை முட்டையாகக் கிளம்பியதும் தீயை இழுத்துவிட்டுத் தட்டுகளைப் போட்டான். அறுபதும் மிதந்தன.

ஏஞ்சலின் எட்டிப் பார்த்தாள். "மொதத் தட்டு முங்குச்சுங்க. இதுக எல்லாம் மிதக்குது."

"ஒத்தையா இருந்தா முங்கும். கூட்டமா இருந்தா மிதக்கும்."

சொன்ன அவனுக்கே அது முட்டாள்தனமாகத்தான் பட்டது. ஆனால் தண்ணீரை ஊற்றியாகிவிட்டது, பொடியைக் கொட்டியாகிவிட்டது. ஒரு பழைய கம்பி வலையை மேலே போட்டு, நாலு கல்லைத் தூக்கி வைத்து அமுக்கினான். கம்பால் ஓரங்களில் கிண்டிவிட்டான். கால்மணி நேரம் ஆயிற்று. ஒன்றை இடுக்கியால் எடுத்து மக்குத் தண்ணீரில் அலசினான். பழைய சேலையை வெயிலில் ஒரு வருஷம் காயப்போட்டால் வருமே, அந்த மாதிரி வெளுத்த ரோஸ். கட்டைவிரலால் தேய்த்தான். விரல் சிவந்தது. தட்டு இன்னும் வெளுத்தது.

"இன்னும் நேரம் விடணும்" என்றான்.

அரை மணி நேரம் விட்டான். அதே ரோஸ்.

துணி சாயம் குடிக்காவிட்டால் சாயக்காரன் என்ன செய்வான்? தீயை ஏற்றுவான். பதினொரு வருஷமும் அப்படித்தான். கொதிக்கிற தண்ணீருக்குத் தலைவணங்காத நூல் கிடையாது. டோனி வெளியே இழுத்த விறகை மறுபடி உள்ளே தள்ளினான்.

"கொதிக்க விடாதேன்னு பாய் சொன்னாருன்னு நீங்கதான சொன்னீக."

"பாய் பொடி விக்கிறவரு."

"வேணாங்க. இத்தோட எடுத்துருவோம். அண்ணனைக் கேப்போம்."

"என்னத்தைக் கேக்க? மச்சானுக்குச் சாயம் தெரியுமா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாளான்னைக்கு வேன் வரும். தெரியும்ல உனக்கு?" அவன் கத்தினான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. ஏஞ்சலின் நகர்ந்து போய் அடுப்புப் புகை படாத மூலையில் நின்றுகொண்டாள். வாயைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

தண்ணீர் கொதித்தது. கம்பி வலையின் மேலிருந்த கல் ஒன்று உருண்டு விழுந்தது. வலை தூக்கிக்கொண்டு எழுந்தது. அடியில் தட்டுகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளின. முதலில் டோனி அதைக் கொதியின் வேகம் என்று நினைத்தான். வலையை இழுத்தபோதுதான் பார்த்தான். எண்ணெயில் போட்ட அப்பளம்போல அத்தனையும் சுருண்டிருந்தன. சிலது படகு, சிலது தொப்பி, சிலது காது. கல்லுக்கு அடியில் இருந்தவற்றில் கம்பி வலையின் கட்டம் அச்சாக விழுந்திருந்தது. அவன் கம்பை விட்டுக் கையாலேயே அள்ளி வெளியே எறிந்தான். கை வெந்து கொப்பளித்தது அப்போது தெரியவில்லை.

ஏஞ்சலின் குழாயடியில் உட்கார்ந்து போர் தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசினாள். ஒரு தட்டிலிருந்து பொட்டுகளைப் பிய்த்தாள். பொட்டு இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது தட்டிலும் பிய்த்துப் பார்த்தாள். மூன்றாவதை எடுக்கவில்லை.

சாயம் வேறு எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. டோனியின் பாலியஸ்டர் சட்டை, கால் நகம், நைலான் கொடிக்கயிறு. ஏஞ்சலினின் இரண்டு உள்ளங்கையும் மணிக்கட்டுவரை ரத்தச் சிவப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இரண்டு பேரும் போகவில்லை. பத்து மணிக்கு ராயப்பராஜ் சிரித்த முகமாக வந்தார். "எங்கப்பா என் தட்டு?" என்று கேட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் வந்தவர் நின்றுவிட்டார். காலருகே கிடந்த ஒன்றை எடுத்தார். அது காது மாதிரி இருந்தது.

"என்ன மாப்ள இது?"

ஏஞ்சலின்தான் நடந்ததைச் சொன்னாள். அவள் டோனியைக் காட்டிக்கொடுக்காமல் சொன்னாள். "சாயம் ஏறலண்ணே. சூடு கொஞ்சம் கூடிப்போச்சு." ராயப்பராஜ் கேட்டுவிட்டு வாசலுக்குப் போய்ச் செல்போனில் மலைக்குப் பேசினார். இங்கிலீஷில் கொஞ்சம், சிரிப்பில் கொஞ்சம். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை.

"அது வேற பிளாஸ்டிக்காம் மாப்ள. அவரோடது ரப்பர் மாதிரி ஒரு வகையாம், அதுதான் சாயம் குடிக்குமாம். இது வாளி, குடம் செய்யுற பிளாஸ்டிக்காம். எந்தச் சாயத்துலயும் ஏறாதாம். அவருக்கே கோயமுத்தூருல எதை ஊத்துனாங்கன்னு தெரியலயாம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணை மட்டும் போட்டுப் பாத்துட்டுச் சொல்லியிருந்தா, மிச்சத்தை வெள்ளையாவே போட்டிக்கு வச்சிருக்கலாம்னு சொல்றாரு."

ஏஞ்சலின் டோனியைப் பார்க்கவில்லை. அவள் பார்த்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கோவமா இருக்காரா?" என்று டோனி கேட்டான்.

"கோவமெல்லாம் இல்ல. பரவால்லன்னு சொல்லிட்டாரு. மஞ்ச பெயிண்ட் இருக்காம், விளிம்புல ஒரு கோடு போட்டுக்கிட்டு, இருக்குற பழைய தட்டை வச்சே ஆடிக்கிருவாங்களாம்."

அவர்களுக்குப் பரவாயில்லை. ஒரு கோடு போட்டால் போதும். டோனி அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். ராயப்பராஜ் டீகூடக் குடிக்காமல் எழுந்தார். செருப்பை மாட்டும்போது, "மனசை விட்ராத மாப்ள, வேற ஏதாச்சும் பாப்போம்" என்றார். கேன் தண்ணீர் வாங்குவதைப் பற்றி மூன்று பேருக்கும் நினைவு வரவில்லை.

சாயங்காலம் டோனி சட்டை மாற்றிக்கொண்டு முனியப்பன் வீட்டுக்குப் போனான். இரண்டு வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அவன் கால் வைத்ததில்லை. முனியப்பன் முற்றத்தில் உட்கார்ந்து மாட்டுக்குப் பருத்திவிதை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஏஞ்சலுக்குப் பதிலா நான் வாரேன். பஞ்சுலயே போடுங்க. நைட் ஷிப்டு குடுத்தாலும் சரி."

முனியப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். கையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார்.

"கையில என்ன?"

"சுட்டுக்கிட்டேன்."

"ஏலே, ஓடுற மிஷினை அப்படியே போட்டுட்டு நடந்தவன் நீ. அன்னைக்கு ராத்திரி நூல் அறுந்து அறுந்து உருளையில சுத்தி, விடியுறவரைக்கும் நான் கத்தியை வச்சு அறுத்தேன். உனக்குத் தெரியாது. நீ வீட்டுல தூங்குன."

"தூங்கலண்ணே."

"தூங்குனியோ முழிச்சியோ. உன்னை உள்ள விட்டா எம் பேரு போயிரும். உம் பொண்டாட்டி நல்ல வேலைக்காரி. இருமிக்கிட்டே நின்னாலும் இடத்தை விட்டு நகராது. அதை அனுப்பு." பிறகு குரலைத் தாழ்த்தி, திட்டுவதுபோல் இல்லாமல் சொன்னார்: "அதுக்கு முடியலைன்னா விட்ரு. ஆனா நீ வேணாம்."

டோனி வீட்டுக்கு வந்தபோது ஏஞ்சலின் வேலைச் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டிருந்தாள். மில்லில் சேலைக்கு மேல் மாட்டுகிற நீலச் சட்டை. தோய்த்துக் காய வைத்திருந்தாள். போர் தண்ணீரில் தோய்த்ததால் விறைப்பாக நின்றது.

"போக வேணாம்" என்றான்.

"வேற?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே, வேறு ஏதாவது இருந்தால் சொல்லட்டும் என்றுதான் கேட்டாள். அவன் யோசித்தான். அவள் அவனுக்கு நிறைய நேரம் கொடுத்தாள். சட்டையை இரண்டாவது தடவை உதறிப் போட்டாள், கையலம்பினாள், அரிசி களைந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. ஏஞ்சலின் சாப்பாட்டுத் தூக்கோடு போனாள். வேனுக்குள்ளிருந்து ஒரு பெண், "என்னக்கா கையி, யாரையாச்சும் வெட்டிட்டு வாரியா?" என்று கேட்டதும் மற்றவர்கள் சிரித்ததும் டோனி வாசலில் நின்ற இடத்துக்குக் கேட்டது. ஏஞ்சலின் என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. என்னவோ சொன்னாள், மறுபடி சிரிப்பு எழுந்தது. கதவு மூடியது.

பகல் முழுக்க அவன் தட்டுகளிலிருந்து பொட்டுகளைப் பிய்த்தான். வெந்த கையால் மெதுவாகத்தான் முடிந்தது. ஏன் பிய்க்கிறான் என்று அவனுக்கே தெரியாது. பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவன் பொட்டோடும் எடுத்துக்கொள்வான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வேன் வந்தது. ஏஞ்சலின் இறங்கினாள். இறங்கிய இடத்திலேயே லைட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற பெண்கள் பேசிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார்கள். திங்கட்கிழமை யார் நின்றாலும் யாரும் கேட்பதில்லை. டோனி ஓடிப்போய்த் தூக்கை வாங்கினான். அவள் முடியிலும் புருவத்திலும் பஞ்சு இருந்தது. மூச்சு ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது விசிலடித்தது. நாற்பது எட்டு வைத்தால் வீடு. இரண்டு இடத்தில் நின்றார்கள்.

உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். மாத்திரையைப் பிரித்துச் சிவந்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு இப்படித்தான் இருக்கும். பதினஞ்சு நாள் சும்மா இருந்துட்டேன்ல" என்றாள். "தண்ணி குடுங்க."

டோனி குடத்தைத் தூக்கினான். லேசாக வந்தது. அடுத்த குடமும் லேசாக வந்தது. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. குழாய் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. கல் அடுப்பின் மேல் பாதி டிரம் நிறைய ஆத்தூர்த் தண்ணீர், தூசி விழுந்து, நல்ல சிவப்பாக அசையாமல் கிடந்தது.

"என்னங்க?" என்றாள் ஏஞ்சலின்.

அவன் சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். சனிக்கிழமை அவன் கத்தியபோது ஜன்னல் திறந்து மூடிய வீடு. கதவைத் தட்டிவிட்டு நின்றான். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால், தன் வீட்டுக்குள்ளிருந்து, அவள் இழுத்து இழுத்து மூச்சு விடுவது தெருவரைக்கும் கேட்டது. அவன் மறுபடி தட்டினான்.